உயிர் எழும்பாத விருந்து

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் மத்தியானம், தாழந்துறையில் ரெஜினா வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதி வந்ததும், சட்டிக்குள் கிடந்த கருவாடுகள் ஒவ்வொன்றாக உடம்பை நெளித்து, வாலை அசைத்து, கூட்டமாகச் சேர்ந்து புளித்தண்ணீரைச் சுற்றிச்சுற்றி நீந்தத் தொடங்கின. ரெஜினா கரண்டியைக் கீழே வைத்தாள், அடுப்பை அணைத்தாள், மீன்களுக்குச் சுடுமே என்று ஒரு செம்பு பச்சைத்தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள், பிறகு தலையில் துணியைச் சுருட்டி வைத்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். வழியில் பார்த்தால் அடுத்த தெரு செலஸ்டின் பெண்டாட்டியும் ஒரு சட்டியோடு வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்கும் பின்னால் இன்னொருத்தி. அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் எல்லாரும் குனிந்து சட்டிகளைச் சாய்த்தார்கள். மஞ்சளும் மிளகாயும் ஒட்டிய முதுகோடு மீன்கள் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. பெண்கள் சட்டியைக் கடல்தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து அன்றைக்குத் தேங்காய்த் துவையல் அரைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊர் அடுப்பில் ஏறியது எதுவும் செத்தபடி கிடக்கவில்லை. முட்டையை வேகவைத்தால் தண்ணீர் சூடேறும்போதே ஓடு விரிந்து, நனைந்த குஞ்சு ஒன்று சட்டியின் விளிம்பில் ஏறி நின்று கத்தியது. ஆட்டுக்கறியைக் குக்கரில் வைத்தால் துண்டுகள் இளஞ்சூடாகித் துடித்தன, விசில் வருவதற்குப் பதிலாக மூடி மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது, உள்ளே ஏதோ மூச்சு விடுவதுபோல. முழுதாக வந்தது முழுதாக எழும்பியது, துண்டாக வந்தது துண்டாகவே துடித்தது. பால் செத்த பொருள் இல்லை என்றாலும் அதைக் காய்ச்சினால், எங்கே கட்டிப்போட்டிருந்தாலும் கறந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றது. யாரையும் முட்டவில்லை, கத்தவுமில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றது. அந்தப் பார்வைக்கு முன்னால் டீ குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. நெய் உருக்கினாலும் அப்படித்தான். தேனைச் சுடவைத்த வீட்டில் சாயங்காலம்வரை தேனீக்கள் இரைந்தன.

ஊர் இதைப் பழகிக்கொண்டது. பங்குச்சாமியார் இஞ்ஞாசி முதல் ஞாயிறு பூசையில், வெளியூரில் யாரும் இதைப் பேசவேண்டாம் என்றார். இரண்டாம் ஞாயிறு, நமக்குக் கிடைத்ததை நன்றியோடு சாப்பிடுவோம் என்றார். மூன்றாம் ஞாயிறு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் மழைக்கு ஜெபித்தார். ஆயர் இல்லத்திலிருந்து வேனில் வந்த பெரியவர்கள் கண்ணெதிரே ஒரு முட்டையை வேகவைக்கச் சொன்னார்கள். குஞ்சு ஓடிப்போய் ஒருவருடைய அங்கிக்குள் நுழைந்துகொண்டது. கடுங்காப்பி குடித்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் பிறகு வரவில்லை. கறிக்கடை சைமன் வெட்டுமரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதே கடையில் சேனையும் மரவள்ளியும் வாங்கி விற்க ஆரம்பித்தான். முதலில் கை தடுமாறிற்று, பிறகு கிழங்கையும் கறி மாதிரியே எலும்பு பார்த்து வெட்டுகிறான் என்று பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் எப்போதும்போலக் கடலுக்குப் போனார்கள், மீன் வந்தது, ஏலம் போனது, லாரி ஏறியது. ஊரெல்லைக் குருசடியைத் தாண்டிவிட்டால் மீன் மீனாகவே கிடந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

பேசாத காரியம் இன்னொன்றும் இருந்தது. தாழந்துறையில் கடலுக்கு ஓர் ஆளைக் கொடுக்காத குடும்பம் இல்லை. மாதக்கணக்கில் உப்பில் காய்ந்து சுருண்ட நெத்திலி எழும்பி நீந்திப் போவதைப் பார்த்த ஒவ்வொருத்தியும், சட்டியைக் கவிழ்த்த பிறகும் உடனே திரும்பாமல், கொஞ்சநேரம் அலையைப் பார்த்து நின்றாள். எதற்காக நிற்கிறாய் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கவில்லை. சில வீடுகளில் பழைய சட்டைகள் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போடப்பட்டன. வாசல்கள் பூட்டப்படவில்லை.

கித்தேரியம்மாள் வீட்டு வாசலும் அப்படித்தான் திறந்தே கிடந்தது. அவள் புருஷன் தஸ்நேவிஸ் போன வருஷம் ஐப்பசிப் புயலில் படகோடு போனவர். படகில் அவரோடு இருந்தது காளிராஜ் ஒருவன்தான். அவன் கடல்புரத்துப் பிள்ளை இல்லை, உள்நாட்டில் கரிசல்காட்டு நத்தத்துப்பட்டியிலிருந்து, மழையில்லாத மண்ணைக் கொத்திக்கொத்திச் சலித்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யவேண்டும் என்று கிளம்பி வந்தவன். பிள்ளையில்லாத அந்த வீட்டில் நாலு வருஷம் கித்தேரியின் கையால் சாப்பிட்டான், அவளைச் சித்தி என்றான். புயலுக்குப் பிறகு படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. தஸ்நேவிஸின் தங்கைதான் ரெஜினா. கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்கு ஒரு குருசு நட்டுப் பூசை வைப்போம் மைனி என்று அவள் கேட்டபோதெல்லாம், ஆளில்லாத குழிக்கு எதுக்குக் குருசு என்று கித்தேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியாகக் கேட்டபோது சத்தம் பெரிதாகி, நாத்தனாருக்கும் மதினிக்கும் பேச்சு நின்று ஒரு மாதமாகியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கிய வாரத்தில் கித்தேரிக்குப் போன் வந்தது.

"தாயி, நான் காளிராசு அம்மா சோலையம்மா பேசுறேன்."

"சொல்லுங்கக்கா."

"கிறிஸ்மசுக்கு உங்க வீட்டுல பெரிய சாப்பாடு இருக்கும்னு எம்புள்ள சொல்லுவான். வருசா வருசம் கூப்பிட்டான். நாங்கதான் ஆட்டையும் மாட்டையும் யார்ட்ட விட்டுட்டு வாறதுன்னு வரல. இந்த வருசம் நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா தாயி?"

"வாங்கக்கா, கேக்கவா செய்யணும்? ஆனா இங்க இப்ப கறி மீன் பால்னு ஒண்ணும்…"

"கேள்விப்பட்டோம் தாயி," என்றாள் சோலையம்மாள். "அதுக்குத்தான் வாறோம்."

போனை வைத்த பிறகும் கித்தேரி அது இருந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன நினைத்து வருகிறீர்களோ அது இங்கே இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. அலமாரியில் தஸ்நேவிஸின் சீப்பு இருந்தது, அதன் பற்களில் அவருடைய நரைமுடி நாலைந்து சிக்கியிருந்தது. இந்த அற்புதம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் அவள் அந்தச் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புவரை போனாள், நெருப்பைப் பற்றவைத்தாள், பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தாள், பிறகு அணைத்துவிட்டுச் சீப்பை இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கித்தேரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தினநாள் காலையில் சைமன் தோளில் ஒரு பெரிய சேனையோடு வந்து, "இது அடிச்சேனை, தொண்டையில அரிக்காது," என்று திண்டில் வைத்துவிட்டுப் போனான். தன் பங்களாத் தோப்பில் இறக்கிய தேங்காய்களைச் சாமியார் ஒரு சாக்கில் கட்டி அனுப்பினார். மலைப்பக்கம் போய்வந்த செலஸ்டின் எங்கேயோ தேடிப் பிடித்து, பருவத்துக்கு முன்னால் காய்த்த பலாப்பிஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வாழைப்பூ வந்தது, முருங்கைக்காய் வந்தது, கருப்பட்டி ஓலைப்பெட்டியோடு வந்தது. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று கொடுத்தார்கள், அதிகம் பேசவில்லை, ஒருவர்கூட விருந்தாளிகளைப் பற்றி விசாரிக்கவில்லை, சாவு வீட்டுக்கு வருவதுபோலவும் கல்யாண வீட்டுக்கு வருவதுபோலவும் இரண்டுமாக இருந்தது அவர்கள் நின்ற விதம்.

கடைசியாக ரெஜினா வந்தாள். கையில் அவள் வீட்டுத் திருவலைக்குற்றி இருந்தது.

"ஒத்தையில எத்தனை தேங்காய் துருவுவீங்க மைனி? நகருங்க."

கித்தேரி நகர்ந்து இடம் கொடுத்தாள். பேசாமல் இருந்த நாட்களெல்லாம் தேங்காய் துருவுகிற சத்தத்தில் கரைந்துபோயின.

விருந்து என்றால் அந்த ஊருக்குக் கோழியும் ஆடும் நெய்ச்சோறும்தான். மூச்சு விட்ட எதையும் தொடாமல் விருந்தாளியின் இலையை நிரப்புவது எப்படி என்று தாழந்துறைப் பெண்கள் அந்த இரண்டு மாதத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தார்கள், ஆனால் அது அன்றாடத்துக்கு, அவரவர் வயிற்றுக்கு. இது தூரத்திலிருந்து வருகிற துக்கத்துக்கு. கித்தேரி ஒவ்வொன்றையும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி செய்தாள். முந்திரிக்கொத்துக்குப் பயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் தேங்காயோடு உருட்டி, அரிசிமாவில் தோய்த்துத் தேங்காயெண்ணெயில் போட்டெடுத்தாள். முட்டையில்லாமல் அச்சுமுறுக்கு அச்சைவிட்டுக் கழன்று வராது என்று ரெஜினா சொன்னாள். மாவில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, அச்சை நன்றாகக் காயவைத்துத் தோய்த்தபோது பூப்பூவாகக் கழன்று விழுந்தது. மறுநாளைக்கு வேண்டிய பலாப்பிஞ்சை எண்ணெய் தடவிய கையால் முள்சீவி, நார்நாராக வேகவைத்து, கறிக்கு அரைக்கிற மசாலாவையே அதற்கும் அரைத்து வைத்தார்கள். அரைத்துக்கொண்டிருக்கும்போது ரெஜினா மெல்லக் கேட்டாள்.

"வந்து என்ன செய்யப்போறாங்க மைனி?"

"தெரியல."

"அந்த அம்மா ஏதாவது கொண்டாந்தா?"

ரெஜினா அம்மியை நிறுத்தினாள்.

"சொல்லிப்புட்டேன். இன்னிக்கு ஒருத்திக்கு விட்டா, நாளைக்கு ஊர்ல இருக்க ஒவ்வொருத்தியும் நகத்தையும் முடியையும் எடுத்துட்டு அடுப்புக்கு வருவா. எழும்பிட்டா என்ன செய்வீங்க? எழும்பலைன்னா என்ன செய்வீங்க?"

"அரைச்சு முடி ரெஜினா," என்றாள் கித்தேரி.

கிறிஸ்துமஸ் காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு குருசடி நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அய்யாத்துரை, காளிராஜின் அப்பா, புதுவேட்டியில் மடிப்புக் கலையாத உயரமான மனிதர், இறங்கியதும் கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்தவரைப்போல அதற்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் சோலையம்மாள் இறங்கினாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய, ஒரு மஞ்சப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கித்தேரி போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுவார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. அழவில்லை. சோலையம்மாள் நெற்றியில் குங்குமப்பொட்டு அழுத்தமாக இருந்தது. மகனுக்கு அவள் காரியம் செய்யவில்லை, செய்யவிடவுமில்லை என்று கித்தேரிக்குத் தெரியும்.

வீட்டுக்குள் வந்ததும் சோலையம்மாள் மகன் படுத்த இடத்தைப் பார்த்தாள், அவன் தட்டைப் பார்த்தாள், முந்திரிக்கொத்தைக் கையில் வாங்கி ஒரு கடிகூடக் கடிக்காமல் பக்கத்தில் வைத்தாள். வெளியே கல்கூட்டி மூட்டிய அடுப்புகளில் தேங்காய்ப்பால் சோறு தம்மில் இருந்தது, சொதி இறக்கியாகிவிட்டது, பலாப்பிஞ்சு மசாலாவில் சுண்டிக்கொண்டிருந்தது, வாழைப்பூ வடையை ரெஜினா கடைசி ஈடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசமெல்லாம் சோலையம்மாளுக்கு எட்டியதாகவே தெரியவில்லை.

"அடுப்பைக் காட்டு தாயி," என்றாள்.

அய்யாத்துரை வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

சோலையம்மாள் மஞ்சப்பையைத் திறந்தாள். உள்ளே மாற்றுச்சேலை ஒன்று, அதற்குள் ஒரு வெள்ளித் தாயத்து. பிள்ளையாக இருக்கும்போது காளிராஜின் இடுப்பில் கட்டியிருந்தது, அவன் வளர்ந்து கழற்றி எறிந்தபோது அவள் எடுத்து வைத்தது. அதன் குப்பியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினாள். கறுத்து, சுருண்டு, வற்றலைப்போல ஒரு துணுக்கு விழுந்தது.

"அவன் தொப்புள்கொடி," என்றாள். "இது செத்த சாமானம் இல்ல தாயி. எனக்கும் அவனுக்கும் நடுவுல இருந்தது. இதை வச்சுப் பாத்துருவோம்."

வடைச்சட்டியை விட்டு எழுந்து வந்த ரெஜினா, "வேண்டாம் மைனி," என்றாள். வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் சைமன், அவனுக்குப் பின்னால் தெருவே.

கித்தேரி சோலையம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இங்க முழுசா வர்றது முழுசா எழும்பும். துண்டா வர்றது துண்டாத்தான் எழும்பும். கறித்துண்டு கறித்துண்டாவே துடிச்சதை நான் பாத்திருக்கேன். ஆடு வரல. நானும் ஒருநா அவுக தலைமுடியைத் தூக்கிட்டு இந்த அடுப்புக்கு வந்தவதான். முடிதான் எழும்பும், அவுக வரமாட்டாகன்னு தெரிஞ்சுதான் திரும்பிப் போனேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சோலையம்மாள் அந்தத் துணுக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"துண்டாவது வரட்டும் தாயி," என்றாள்.

வாசற்படியிலிருந்து அய்யாத்துரை திரும்பாமலே சொன்னார். "அவளை விட்டுருங்க தாயி. வருசம் பூராவும் இதுக்காகத்தான் மூச்சு விட்டுட்டு இருக்கா."

கித்தேரி எழுந்தாள். ஒரு சின்ன மண்சட்டியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, காலியான அடுப்பில் வைத்தாள். ரெஜினாதான் குனிந்து தீயைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் இளஞ்சூடானதும் சோலையம்மாள் கையைத் தாழ்த்தி, அந்தத் துணுக்கைத் தண்ணீரில் விட்டாள்.

முதலில் மிதந்தது. பிறகு கறுப்பு இளகிப் பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, சுருள் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு ஒரு விரல் நீளத்துக்கு நீண்டது. வழுவழுவென்று, நீலமும் வெள்ளையும் பின்னிய முறுக்கோடு, பிறந்த வேளையில் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆயிற்று. ஆகி, ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு துடித்தது. மறுபடி துடித்தது. நிற்காமல், வேகமாக, சின்ன உடம்புக்குரிய வேகத்தில் அடிக்கத் தொடங்கியது.

சோலையம்மாள் சட்டிக்குள் கைவிட்டு அதை எடுத்தாள். சுட்டிருக்கும், அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, "அவன்தான்," என்றாள். "வகுத்துக்குள்ள இருக்கும்போது இப்படித்தான் அடிக்கும். அவன்தான். ஏங்க, வாங்க, வந்து பாருங்க."

அய்யாத்துரை எழுந்து வந்தார். மகன் பிறந்தபோது அவர் எங்கேயோ கிணறு வெட்டப் போயிருந்தார், வந்து பார்க்கும்போது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. காய்ப்பேறிய விரலை நீட்டி அதன் மேல் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சோலையம்மாள் கித்தேரியின் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்தாள். நாலு வருஷம் சோறு போட்ட கைக்கு அந்தத் துடிப்பு தெரிந்தது. சைமன் தலைத்துண்டை எடுத்தான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ, சோற்றின் ஆவி அடங்கியது, வடை ஆறியது. முதலில் கண்டது சோலையம்மாள்தான். கொடியின் ஒரு முனை அவள் மணிக்கட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அமைதியாக இருந்தது. மறுமுனை அமைதியாக இல்லை. அது அசைந்தது. மடியைத் தேடுகிற கன்றின் மூக்கைப்போல மெல்லத் தூக்கி, இந்தப் பக்கம் நீண்டது, அந்தப் பக்கம் நீண்டது, காற்றைத் தொட்டது, அவள் விரலைத் தொட்டது, விரல் இல்லை என்று தெரிந்து விலகியது, மறுபடி நீண்டது. உள்ளே ஏதோ ஓடி வந்து, போக இடமில்லாமல் முனையில் முட்டி நின்றது. அதனால் துடிப்பு இன்னும் வேகமாயிற்று.

"என்ன செய்யுது இது?" என்றாள் சோலையம்மாள்.

"புள்ளையைத் தேடுது," என்று அவளே சொன்னாள். "அங்கிட்டு யாருமில்ல. அது தெரியாம அடிச்சுக்கிட்டுக் கிடக்கு, பாவம்."

வெகுநேரம் அதையே பார்த்தாள். ஊரெல்லையைத் தாண்டினால் இது காய்ந்துபோகும், இங்கேயே இருந்தால் துடித்துக்கொண்டே இருக்கும் என்று கித்தேரி சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. வேண்டுமென்றால் இந்த வீட்டிலேயே இருந்துவிடுங்கள் அக்கா, இதை வைத்துக்கொண்டு நாம் இரண்டுபேரும் இருப்போம் என்று சொல்லவும் நாக்குவரை வந்தது. அதையும் சொல்லவில்லை.

சோலையம்மாள் நிமிர்ந்தாள். குரல் மாறியிருந்தது, வேலையைத் தொடங்கப்போகிற பெண்ணின் குரல்.

"நூலு இருக்கா தாயி?"

"என்னத்துக்குக்கா?"

"அவன் பொறந்தப்ப மருத்துவச்சி இதை நூலைப் போட்டுக் கட்டித்தான் அறுத்தா. கட்டுனாத்தான் புள்ள தனியா மூச்சு விடும்னா. நான் அப்ப மயக்கத்துல கெடந்தேன், பாக்கல. இப்ப நானே கட்டுறேன்."

கித்தேரி தையல்பெட்டியிலிருந்து வெள்ளைநூல் கொண்டுவந்தாள். ஆடிக்கொண்டிருந்த முனையை அவளைப் பிடிக்கச் சொன்னாள் சோலையம்மாள். கித்தேரியின் இரண்டு விரலுக்கு நடுவில் அது அடங்கி, பிடித்ததில் ஆறுதல் கண்டதுபோல அசையாமல் இருந்தது. சோலையம்மாள் நூலைச் சுற்றினாள். "போய்ட்டு வாய்யா," என்றாள், ஊருக்குக் கிளம்புகிறவனிடம் சொல்வதுபோல. "அம்மா பிடிச்சு வைக்கலய்யா. போ." முடிச்சை இறுக்கினாள். துடிப்பு தளர்ந்தது. இன்னொரு முடிச்சு. மெதுவாக ஒருமுறை அடித்து, கேட்பதுபோல நின்று, இன்னும் ஒருமுறை அடித்து, நின்றுபோயிற்று.

அப்போதுதான் அவள் அழுதாள். ஐப்பசியில் அழவேண்டிய அழுகை ஒரு வருஷம் காத்துக்கிடந்து, கரிசல்காட்டு ஒப்பாரியாக அந்தக் கடல்புரத்து வீட்டில் எழும்பியது. அந்த ராகம் தாழந்துறைக்குத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கித்தேரி தஸ்நேவிஸின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷன் பேரை அவள் அதற்கு முன்னால் சத்தமாகச் சொன்னதே இல்லை. ரெஜினா ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அவள் தோளில் விழுந்து, "குருசு நட்டுருவோம் ரெஜினா, அவுகளுக்குக் குருசு நட்டுருவோம்," என்று திரும்பத்திரும்பச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் அவரவர் வீட்டுக் காணாமல்போனவர்களை அழுதார்கள். எழும்பிவருவார்கள் என்று யாரும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அந்த மத்தியானத்தில் அழுகையாக வெளியே வந்தது.

அழுது ஓய்ந்ததும் அய்யாத்துரை கொடியை வாழையிலைத் துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். வந்ததிலிருந்து திரும்பிப் பார்க்காத கடலில் இடுப்புவரை இறங்கி, இலையை விட்டு, முழுகி எழுந்தார். செலஸ்டின் அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தான்.

அந்த அற்புதம் அதற்குப் பிறகும் சில காலம் இருந்தது. தவக்காலத்தில் ஒருநாள் யாரோ போட்ட கருவாடு குழம்பில் சும்மா கிடந்தது, மறுநாள் இன்னொரு வீட்டிலும் கிடந்தது, பிறகு எல்லா வீட்டிலும். ஊர் அதையும் பழகிக்கொண்டது. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு நகத்தையோ முடியையோ எடுத்துக்கொண்டு ஒருத்தியும் அடுப்புக்கு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதுக் குருசுகள் பல எழும்பின, அதற்கான பூசைகளுக்கு இஞ்ஞாசி சாமியார் நாள் ஒதுக்க முடியாமல் திண்டாடினார்.

அன்றைக்குக் கடலிலிருந்து திரும்பி, அய்யாத்துரை ஈரவேட்டியோடு முற்றத்தில் நின்றபோது, சமைத்ததை என்ன செய்வது என்று கித்தேரிக்குத் தெரியவில்லை. விருந்தென்று செய்தது, இப்போது வீடு சாவு விழுந்த துட்டிவீடாகிவிட்டது. இந்தச் சாப்பாட்டை எந்த முகத்தோடு பரிமாறுவது?

சோலையம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றியில் பொட்டு கலைந்திருந்தது.

"கறி இருக்கா தாயி இதுல?"

"இல்லக்கா. மீன், முட்டை, பால், நெய் ஒண்ணுமே இல்ல."

"எங்க ஊர்லயும் காரியத்தன்னைக்கு இப்படித்தான் ஆக்குவோம்," என்றாள். "இலையைப் போடு."

முற்றத்தில் பாய் விரித்தார்கள். இரண்டு பேருக்கு என்று ஆக்கியதில் தெருவே உட்கார்ந்தது, ஊர் கொண்டுவந்து கொடுத்ததால் ஊருக்கே போதுமானதாக இருந்தது. ஆறிப்போயிருந்த சொதியை ரெஜினா மறுபடி சூடாக்கினாள். கித்தேரி குனிந்து ஒவ்வொரு இலையாகச் சோற்றை வைத்தாள், பலாப்பிஞ்சை வைத்தாள், சேனையை வைத்தாள். அய்யாத்துரை வேகவேகமாக, தலை நிமிராமல் சாப்பிட்டார். சோலையம்மாள் முதல் கவளத்தை வாயில் வைத்து, மென்று, விழுங்கி, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இலையிலிருந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு தாயி."

கித்தேரி போட்டாள். சொதியை ஊற்றினாள். அவள் நிமிர்ந்து அடுத்த இலைக்குப் போகத் திரும்பியபோது சோலையம்மாள் இடது கையால் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எப்ப சாப்பிட்ட?"

கித்தேரி யோசித்துப் பார்த்தாள். நேற்று என்று சொல்ல வந்தாள். ஆனால் யாராவது இலை போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, அவளுக்கென்று பரிமாறி எவ்வளவு காலமாகிறது என்று நினைக்கத் தொடங்கி, அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

சோலையம்மாள் தண்ணீர்ச்செம்பை எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். கித்தேரியின் கையிலிருந்த அகப்பையை வாங்கினாள், தான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, துடைத்தாள்.

"உக்காரு தாயி," என்றாள். "உனக்கு நான் போடுறேன்."

கித்தேரி உட்கார்ந்தாள்.